கடனில் ஓடுற கப்பல்: பியோவுல்ஃப் தொடக்கம் அன்னபூரணி வரை

1977 இல் அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. கறுப்புப் பெட்டி. அட்டையில் ராக்கெட்டும் இல்லை, வேற்றுக்கிரகவாசியும் இல்லை. பியோவுல்ஃப் எண்ட ஒரு வணிக விண்கப்பல் தாக்குதலுக்குள்ளாகி, யாராவது கேட்கிறீங்களா எண்டு உதவி கேட்கிற செய்தி மட்டும் அதில் அச்சடிச்சிருந்தது. உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். விளையாட்டின் பெயர் 'ட்ராவலர்', அதாவது பயணி. எழுதியவர் மார்க் மில்லர். வெளியிட்டது கேம் டிசைனர்ஸ் வேர்க்ஷொப் எண்ட நிறுவனம்.

இந்த வகை விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாலைஞ்சு பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கட்டை உருட்டி உருட்டிக் கதையை வாயாலேயே நகர்த்துவார்கள். வெல்லுறது தோற்கிறது எண்டு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விதிப்புத்தகம் இருக்கும். என்ன செய்யலாம், அதுக்கு என்ன செலவு, பிழைச்சால் என்ன நடக்கும் எண்டெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

ட்ராவலரில் எங்களுக்குப் பிடிச்சது சண்டை இல்லை, அந்த வணிகக் கப்பலின் கணக்கு. வரலாறு படிக்கிற பிள்ளைகள் அந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். ஏனெண்டால் எங்கட வடகரையில் ஓடின பாய்க்கப்பல்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் அதுக்குள்ளே வரிசையாக இருக்கின்றன.

முதலில் கணக்கைப் பாருங்கோ.

விளையாட்டில் வருகிற சாதாரண சுயாதீன வணிகக் கப்பல் 200 தொன். இங்கே தொன் எண்டது நிறை இல்லை, இடம். ஒரு தொன் திரவ ஐதரசன் பிடிக்கிற இடம்தான் ஒரு தொன், ஏறக்குறைய 14 கன மீற்றர். இது விளையாட்டுக்காரர் சும்மா கற்பனை பண்ணினதும் இல்லை. ஐரோப்பியக் கப்பல்களில் தொன் எண்ட சொல்லே பெரிய வைன் பீப்பாவின் பெயரில் இருந்து வந்தது. எத்தனை பீப்பா ஏற்றலாம் எண்டதுதான் கப்பலின் அளவு.

அந்த 200 தொன்னில் எரிபொருளுக்கு 30. சரக்குக்கு 82. பத்து அறைகள். அதில் நாலு மாலுமிகளுக்கு: ஓட்டுநர், இயந்திரப் பொறியாளர், வைத்தியர், பயணிகளைக் கவனிக்கிற பணியாளர். மிச்சம் ஆறு அறையும் காசு கட்டி வாற பயணிகளுக்கு. அதோடு உறைநிலையில் படுத்துக்கொண்டு போறதுக்கு 20 பெட்டிகள். அந்தச் சீட்டு மிக மலிவு. ஆனால் போய்ச் சேர்ந்து எழுப்பேக்க கட்டை பிழையாக விழுந்தால் ஆள் எழும்பமாட்டார். காசு குறைஞ்சவர் மிச்சத்தை உயிரால் கட்டுற முறை. கடலால் களவாகப் போன ஆட்கள் உள்ள ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, மிச்சத்தை வங்கிக் கடனில் எடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் விலையின் 240 இல் ஒரு பங்கு. அப்படி 480 மாதம், அதாவது 40 வருசம். மாதத் தவணை 1 லட்சத்து 54 ஆயிரத்து 500. எல்லாம் கட்டி முடிக்கேக்க கப்பலின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் குடுத்திருப்பீர்கள்.

வரவு என்ன? ஒரு தொன் சரக்கை ஒருமுறை கொண்டுபோனால் 1000. ஒரு நட்சத்திரத்தில் இருந்து அடுத்ததுக்குத் தாவ ஒரு கிழமை. இறக்கி ஏற்ற இன்னொரு கிழமை. ஆக மாதத்துக்கு இரண்டு பயணம். இரண்டு தரமும் 82 தொன்னும் நிரம்பினாலும் 1 லட்சத்து 64 ஆயிரம்தான். தவணையைக் கட்டினால் மிச்சம் 9500. நாலு மாலுமிகளின் மாதச் சம்பளமோ 15 ஆயிரம். சம்பளத்துக்கே காணாது. அதுக்கு மேல் எரிபொருள், துறைமுகக் கட்டணம், வருசத் திருத்த வேலை. பயணிகளை ஏற்ற வேண்டும். அதுவும் காணாவிட்டால் சொந்தக் காசில் சரக்கு வாங்கி, அடுத்த ஊரில் விலை ஏறியிருக்கும் எண்ட நம்பிக்கையில் கொண்டுபோக வேண்டும். அதுவும் பிழைச்சால் யாரோ ஒருவர் கேள்வி கேட்காமல் கொண்டுபோகச் சொல்லுற பெட்டியை ஏற்ற வேண்டும்.

கதை தொடங்குறது அந்த இடத்தில்தான். கடன் இல்லாவிட்டால் இந்தக் கப்பல் எங்கேயும் போகாது. கப்பலை வடிவமைச்சவர் இயந்திரத்துக்கு ஒதுக்கின இடத்தைப் போலவே கடனுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

இன்னொரு விதியும் உண்டு. அந்த உலகத்தில் கப்பலை விட வேகமாகச் செய்தி போகாது. வானொலி இல்லை, தந்தி இல்லை. அடுத்த ஊரில் அரசன் மாறினானா, அரிசி விலை விழுந்ததா எண்டு தெரிய வேண்டுமெண்டால் ஒரு கப்பல் வந்து சொல்ல வேண்டும். எதிர்காலம் எண்டு எழுதின கதைக்குள்ளே பாய்க்கப்பல் காலத்தைத்தான் கொண்டுவந்து வைச்சிருக்கிறார்கள்.

இனி எங்கட பக்கம்.

நாங்கள் இருக்கிற மருதனார்மடம் கடற்கரை ஊர் இல்லை. ஆனால் பெயரிலேயே மடம் இருக்கிறது, பயணி தங்கிப் போற இடம். சந்தியால் போற காங்கேசன்துறை வீதி நேரே வடக்கே ஓடி ஒரு துறையில் முடியுது. கடற்கரையோடு கிழக்கே போனால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. மேற்கே தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறை. பெயர்களைக் கேட்டாலே தெரியும், இது துறைகளின் நாடு. இந்தத் துறைகளில் இருந்து புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. பனைமரம் வளையாகவும் சட்டமாகவும் இந்தியக் கரைக்குப் போனது. ஒல்லாந்தர் காலத்தில் ஊர்காவற்றுறையில் இருந்து யானை ஏற்றினார்கள். திரும்பி வரேக்க நெல், துணி, ஓடு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பர்மா அரிசி.

இந்தக் கப்பல்களுக்கும் விதிப்புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கம் இன்றைக்கும் கல்லில் இருக்கிறது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. வெட்டுவித்தவர் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. ஆட்சிக்காலம் 1153 தொடக்கம் 1186 வரை. பேராசிரியர் கா. இந்திரபாலா இதை ஆராய்ந்து பதிப்பிச்சார். சிங்கள அரசன் தமிழில் வெட்டுவித்ததுக்குக் காரணம் எளிது. அதை வாசிக்க வேண்டியவர்கள் இந்தத் துறையிலும் இந்தக் கடலிலும் புழங்கின ஆட்கள். பரதேசிகள் ஊறாத்துறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும் எண்டு அது சொல்லுது. ஊறாத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. பரதேசி எண்டால் அங்கே வெளித்தேசத்து வணிகர். இன்றைக்கு நாங்கள் யாரையாவது ஏசப் பாவிக்கிற அதே சொல்.

அடுத்ததாக வாறதுதான் எங்களை நிறுத்தி வைச்ச பகுதி. யானையும் குதிரையும் கொண்டுவாற கப்பல் உடைஞ்சால், நாலில் ஒரு பங்கு அரசன் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு கப்பல் உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கோடு வந்த கப்பல் உடைஞ்சால் ஆளுக்குப் பாதி.

இதை ஒரு விளையாட்டு விதி போல வாசிச்சுப் பாருங்கோ. அரசனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டும். அதைக் கொண்டுவாறவனுக்கு நட்டத்தைக் குறைச்சுக் காட்டுறான். மற்றச் சரக்கெண்டால் கடலுக்குப் போக மிஞ்சினதில் பாதி அரசனுக்கு. ஒரு வணிகன் ஊறாத்துறைக்குக் கப்பலைத் திருப்புறதுக்கு முன்னம் இந்தக் கணக்கைப் போட்டிருப்பான். எதை ஏற்றுறது, எந்தக் கரையோடு போறது, உடைஞ்சால் கையில் என்ன மிஞ்சும் எண்டதெல்லாம் அந்தக் கல்லில் எழுதின நாலு வரியோடு மாறும். ட்ராவலர் வர எண்ணூறு வருசத்துக்கு முன்னமே எங்கட தீவில் இருந்த விதி இது.

காலத்தைத் தாண்டி வல்வெட்டித்துறைக்கு வருவம். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் குடாநாட்டின் கப்பல் கட்டுற தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கே கப்பலைக் கட்டினவர் ஓடாவி. ஓட்டினவர் தண்டையல். ஓடாவியின் கையில் அச்சடிச்ச வரைபடம் இருக்கவில்லை. வேம்பும் இலுப்பையும்தான் மரம். வேம்பைப் பூச்சி இலகுவில் அரிக்காது, இலுப்பை தண்ணீருக்குத் தாங்கும். அடியில் ஏராக்கட்டையைப் போட்டு, அதில் இருந்து விலா எலும்பு போல வங்குகளை எழுப்பி, பலகை அடைச்சு, இடைவெளிகளை நாரும் பஞ்சும் வைச்சு இறுக்கி எண்ணெய் பூசுறது. வளைஞ்ச கொப்பைக் கண்டால் இது எந்த வங்குக்கு ஆகும் எண்டு கண்ணாலேயே சொல்லுறவர்தான் ஓடாவி. அளவு அவரின் கையிலும் அவரோடு நிண்டு பழகின பெடியனின் கையிலும் இருந்தது.

விளையாட்டுக் கப்பலுக்கு எரிபொருள் ஐதரசன். இந்தக் கப்பலுக்குக் காற்று. அது காசு கேட்காது, ஆனால் தவணை கேட்கும். சோழகம் அடிக்கேக்க வங்காள விரிகுடாவில் வடகிழக்கே பர்மாப் பக்கம் ஏறிப்போகலாம். வாடை திரும்பினால் அதே காற்றில் வீட்டுக்கு வரலாம். இடையில் புயல் மாதங்கள். வாடைக்கு எங்கட வடகரை நேரே முகம் குடுத்து நிற்கும் கரை, ஒதுங்க இடம் குறைவு. ட்ராவலர் கப்பல் மாதம் இரண்டு தரம் சரக்கு இறக்கும். இது ஒரு காற்றுக்குப் போய் மறு காற்றுக்குத் திரும்புற கப்பல். அந்த இடைவெளி முழுக்க யாரோ ஒருவரின் காசு கடலில் நிற்கும்.

அரிசிக்குப் பின்னாலும் கடன்தான். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்கள் பெருமளவு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்காசில் விளைஞ்சவை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் காணி செட்டியார்களின் கைக்குப் போனது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் 6 வீதமாக இருந்த அவர்களின் நிலம் 1938 இல் 25 வீதம். எங்கட கரையில் இறங்கின அரிசி மூடை அந்தக் கணக்குக்குள்ளாலும் வந்ததுதான். கப்பலின் கதையை ஓடாவியின் திறமையோடு மட்டும் முடிச்சால் இந்தப் பக்கம் மறைஞ்சு போகும்.

இப்ப அன்னபூரணி.

1930 அளவில் வல்வெட்டித்துறையில் கட்டின கப்பல், அன்னபூரணி அம்மாள். இரண்டு பாய்மரம், 90 அடிக்குக் கிட்டவான நீளம். வில்லியம் ஆல்பேர்ட் றொபின்சன் எண்ட அமெரிக்கர் இதை வாங்கினார். அவர் சும்மா ஆள் இல்லை. 1928 இற்கும் 1931 இற்கும் இடையில் 32 அடிப் படகொன்றில் உலகத்தைச் சுற்றி வந்தவர். கப்பல் பார்க்கத் தெரிஞ்சவர். அவர் வல்வெட்டித்துறைக் கப்பலைத் தெரிஞ்செடுத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் ஏறினார்கள். சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பிறகு அத்லாந்திக். 1938 ஓகஸ்ட் 1 ஆம் திகதி கப்பல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. றொபின்சனின் மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எண்டு அதுக்குப் புதுப்பெயர் வைச்சார்கள்.

இந்தக் கதையை ஊரில் பெருமையாகச் சொல்லுவார்கள். பெருமைப்பட வேண்டிய விசயம்தான். நாங்களும் படுறம். ஆனால் பெருமையோடு நிண்டுவிட்டால் ஒரு கேள்வி தப்பிவிடும். 1938 இல் அத்லாந்திக்கைத் தாண்டக்கூடிய கப்பலைக் கட்டின கரையில், அடுத்த இருபது முப்பது வருசத்துக்குள் அந்தத் தொழில் ஏன் ஒடுங்கினது?

வழமையான பதில், நீராவிக் கப்பலும் இயந்திரமும் வந்தன, பாய்க்கப்பல் தோற்றது எண்டது. அது பாதிப் பதில். நீராவிக் கப்பல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதுக்குப் பிறகும் எங்கட கப்பல் பல பத்தாண்டு ஓடினது. பெரிய கப்பல் நுழையாத ஆழம் குறைஞ்ச துறைகளும், பெரிய கொம்பனி கவனிக்காத சின்னச் சரக்குகளும் அதுக்குப் போதும். ட்ராவலரின் சுயாதீன வணிகனும் இப்படித்தான். பெரிய நிறுவனங்களின் கப்பல் போகாத ஓரத்து ஊர்களில்தான் அவனுக்குப் பிழைப்பு.

மற்றப் பாதி, விதிப்புத்தகம் மாறினது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சது, பர்மா அரிசி நிண்டது. 1948 இல் இலங்கை சுதந்திரம் அடைஞ்சது. அதே வருசம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. 1953 இல் 24 ஆம் இலக்க நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம். கடலின் நடுவே ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு அங்கால் போக கடவுச்சீட்டு வேண்டும், காசை மாற்ற அனுமதி வேண்டும், சரக்குக்கு உரிமம் வேண்டும். அனுமதி குடுக்கிற அலுவலகங்கள் கொழும்பில். கப்பல் அதே கப்பல். தண்டையலும் அதே தண்டையல். பாட்டன் செய்தால் வியாபாரம், பேரன் செய்தால் கடத்தல்.

கள்ளத்தோணி எண்ட சொல் பலமாகப் புழங்கினதும் அந்தக் காலத்தில்தான். அதைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் கப்பல்காரரும் இல்லை. பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட மலையகத் தமிழரும், இந்தியாவில் இருந்து வந்த ஏழைகளும். யாழ்ப்பாணத்திலும் அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொன்னவர்கள் உண்டு. பராக்கிரமபாகுவின் கல்லில் கடல் தாண்டி வந்தவருக்குப் பாதுகாப்பு. எட்டு நூற்றாண்டுக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவரின் வாகனமே அவருக்கு ஏச்சு.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். எல்லை போடுறதும் வரி கேட்கிறதும் எந்த அரசும் செய்யிற வேலை. பராக்கிரமபாகுவும் பாதியைக் கேட்டான்தான். வித்தியாசம் என்னெண்டால், பழைய விதி கப்பல் வரும், வர வேண்டும் எண்டு நினைச்சு எழுதினது. புதிய விதியில் வடகரைச் சின்னக் கப்பலுக்கு இடமே இருக்கவில்லை. ட்ராவலரில் தவணையை இரட்டிப்பாக்கிச் சரக்குக் கூலியைப் பாதியாக்கினால், கப்பலின் ஓர் ஆணியையும் கழற்றாமல் அதை முடக்கலாம். எங்கட கரையில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

பிறகு போர். 1990 இற்குப் பிறகு பல வருசம் காங்கேசன்துறை வீதியின் வடக்கு முனை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் மூடியிருந்தது. கடலைப் பார்க்கிறதுக்கே அனுமதி தேவைப்பட்ட தலைமுறை எங்கட அம்மா அப்பாவின் தலைமுறை. எங்களுக்குக் கடல் எண்டால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுக்கிற இடம், அல்லது யாரோ ஒரு சொந்தக்காரர் இரவோடு இரவாக வெளிக்கிட்ட இடம். சரக்கு ஏற்றுற இடமாக அது எங்கட நினைவில் இல்லை.

2023 ஒக்டோபர் 14 இல் 'செரியபாணி' நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. ஏறக்குறைய நாற்பது வருசத்துக்குப் பிறகு இந்தியாவுக்கும் வட இலங்கைக்கும் இடையில் பயணிகள் கப்பல். கொஞ்ச நாளில் நிண்டது. 2024 ஓகஸ்ட்டில் 'சிவகங்கை' திரும்பத் தொடங்கினது. ஏறக்குறைய நாலு மணித்தியாலப் பயணம். நல்ல விசயம். ஆனால் இந்தக் கப்பலையும் அதே கணக்கால் பார்க்கப் பழகுவம். சீட்டு எவ்வளவு? ஓர் ஆள் எவ்வளவு சரக்குக் கொண்டுபோகலாம்? அதை யார் தீர்மானிக்கிறது? எங்கட தோட்டத்து வெங்காயத்துக்கும் பனங்கட்டிக்கும் அதில் இடம் இருக்குமா? காற்று மாறி கப்பல் ஓடாத மாதங்களில் நட்டம் யாருக்கு? கப்பல் வந்துவிட்டது எண்டு கைதட்டுறதோடு நிற்காமல் விதிப்புத்தகத்தையும் வாசிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை சொல்லுறம். ட்ராவலரின் வணிகக் கப்பல் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அதுக்கு எத்தனை அறை, எவ்வளவு சரக்கு, எவ்வளவு கடன் எண்டு கேட்டால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற பெடியனும் சொல்லுவான், ஏனெண்டால் அதை ஒரு பக்கத்தில் எழுதி வைச்சார்கள். எங்கட கப்பல்கள் உண்மையாக இருந்தன. அவற்றின் கணக்கு ஓடாவியின் கையோடும் தண்டையலின் வாயோடும் போய்க்கொண்டிருக்கிறது. வல்வெட்டித்துறையிலோ பருத்தித்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ கப்பல் வைச்சிருந்த வீடு ஒன்று உங்களுக்குத் தெரிஞ்சிருந்தால் போய் இருந்து கேளுங்கோ. எவ்வளவு பெருமை எண்டு கேட்க வேண்டாம், அதை அவர்கள் தாங்களாகவே சொல்லுவார்கள். எத்தனை மூடை பிடிக்கும், யாரின் காசு, எந்த மாதம் வெளிக்கிட்டது, எத்தனை பேர் போனது, கூலி எப்படிப் பிரிச்சது, உடைஞ்சால் யாருக்கு எவ்வளவு எண்டு கேளுங்கோ. ஒரு கப்பலுக்கு ஒரு பக்கம் காணும். எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ, சேர்த்து வைப்பம்.